அடித்த கணவர்களுக்கான குழு: பாதியில் எழுந்து போகிறவரை உட்கார வைப்பது யாருக்காக?

கணவரின் அடி தாங்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காப்பகத்துக்கு வந்துவிட்ட ஒரு பெண், திரும்பிப் போவதா வேண்டாமா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்? கையில் பணம் இல்லாததா, பிள்ளைகளின் பள்ளிக்கூடமா, சொந்தபந்தங்களின் நெருக்குதலா? எட்வர்ட் காண்டால்ஃப் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், டெக்சஸ் மாநிலக் காப்பகங்களில் தங்கிய பெண்களின் பதிவுகளை வைத்து இதை ஆராய்ந்து 1988-இல் எழுதினார். திரும்பிப் போகும் முடிவோடு மிக நெருக்கமாகச் சேர்ந்து வந்தது, கணவர் கவுன்சலிங்கில் சேர்ந்துவிட்டார் என்ற செய்தி. முடித்துவிட்டார் என்பதுகூட இல்லை. சேர்ந்துவிட்டார், அவ்வளவுதான்.

இந்தக் கவுன்சலிங் பெரும்பாலும், அடித்த ஆண்களை வாரா வாரம் ஒன்றாக உட்கார வைத்துப் பேசும் குழுவாக நடக்கிறது. இதைப் படித்த பிறகு அந்தக் குழுக்களை நான் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. அந்த ஒரு செய்தியை நம்பி அந்தப் பெண் பெட்டியைக் கட்டும் நேரத்தில், கணவர் மூன்றாவது வாரத்தோடு குழுவுக்குப் போவதை நிறுத்தியிருக்கலாம். அப்படி நிறுத்துகிறவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. 2000-இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, பாதியில் விலகுகிறவர்களின் அளவு ஆய்வுக்கு ஆய்வு 22 சதவீதத்திலிருந்து 99 சதவீதம் வரை இருப்பதாகச் சொன்னது. முடித்தவர்களைவிட விலகியவர்கள் மறுபடி கை நீட்டுவது அதிகம் என்பதும் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம்.

“பொண்டாட்டியை அடிச்சவனுக்கு என்ன உபசாரம்? தூக்கி உள்ள வைங்க” என்று கேட்கிறவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் கைதானவர்களில் பெரும்பாலோர் சீக்கிரமே வெளியே வருவார்கள். வந்து அதே வீட்டுக்குப் போவார்கள், இல்லையென்றால் இன்னொரு பெண்ணின் வீட்டுக்கு. அதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு மாற்றம் வருமா என்பது அந்தப் பெண்ணின் உயிர்ப் பிரச்சினை. குழுவில் ஆணை உட்கார வைக்கும் வேலையை நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

இந்தக் குழுக்கள் தோன்றியதும் பெண்கள் கேட்டுத்தான். 1970-களில் பாஸ்டன் நகரில் காப்பகம் நடத்திய பெண்கள், தங்களுக்குத் தெரிந்த ஆண்களிடம் “இந்தக் கணவர்களோடு யாராவது பேச வேண்டுமே, நீங்கள் பேசுங்கள்” என்றார்கள். அப்படி 1977-இல் பிறந்தது எமர்ஜ் என்ற அமைப்பு. அமெரிக்காவில் இவ்வகை வேலையை முதலில் தொடங்கியது அதுதான். சில ஆண்டுகளில் சுப்பீரியர் ஏரிக்கரையில் உள்ள டுலூத் என்ற ஊர் இன்னும் ஒருபடி மேலே போனது. போலீஸ் கைது செய்ய வேண்டும், நீதிமன்றம் குழுவுக்கு அனுப்ப வேண்டும், குழுவுக்கு வராவிட்டால் நீதிமன்றத்துக்குத் தகவல் போக வேண்டும், இதற்கெல்லாம் நடுவில் பெண்ணின் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்று ஊரின் அத்தனை அலுவலகங்களையும் ஒரே கயிற்றில் கட்டினார்கள். எல்லன் பென்ஸ், மைக்கேல் பேமர் ஆகியோரின் பெயர்கள் இதோடு சேர்ந்தவை.

அடிபட்ட பெண்களிடம் உட்கார்ந்து கேட்டு 1984-இல் டுலூத்தில் வரைந்த சக்கரப் படம் இன்று உலகம் முழுக்கச் சுற்றுகிறது. நடுவில் அதிகாரமும் கட்டுப்பாடும். வெளிவட்டத்தில் அடி, உதை, பாலியல் வன்முறை. இடையில் எட்டு ஆரங்கள். மிரட்டுவது, பார்வையாலேயே பயமுறுத்துவது, மட்டம் தட்டுவது, யாரோடும் பேச விடாமல் தனிமைப்படுத்துவது, “அப்படி ஒண்ணும் நடக்கல” என்று சாதிப்பது, பிள்ளைகளைக் கருவியாக்குவது, “நான் ஆம்பள” என்ற உரிமை, பணத்தைக் கையில் காட்டாமல் வைத்திருப்பது. அடி விழாத நாளிலும் சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது என்பதைப் பெண்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

டுலூத்தின் குழு வகுப்பு, பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரேயின் உரையாடல் முறையை ஒட்டி வடிவமைக்கப்பட்டது. கேள்வி கேட்டு, சேர்ந்து யோசித்து, தன் வாழ்க்கையைத் தானே பார்க்க வைக்கும் முறை அது. ஊர் ஊராகப் பரவியபோது பல இடங்களில் இந்த உயிர் போய், படம் மட்டும் மிஞ்சியது. பலகையில் சக்கரத்தை ஒட்டி வைத்து, “நீ செஞ்சது இது, ஒத்துக்கோ” என்று மல்லுக்கட்டும் இடமாகக் குழு மாறியது.

முதல் நாள் அந்த அறைக்குள் வருகிறவர் எப்படி வருகிறார்? பெரும்பாலும் யாரோ அனுப்பித்தான். நீதிபதியோ, சமூக நலத்துறையோ, “போனால்தான் வீட்டுக்குள் விடுவேன்” என்று சொன்ன மனைவியோ. கையைக் கட்டிக்கொண்டு கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். வாயைத் திறந்தால் வருவது நம் காதுக்கும் பழகிய பேச்சுதான். “ஒரு தட்டு தட்டினேன், அவ்வளவுதான்.” “அவ வாய் சும்மா இருக்காது.” “ஏதோ கோவத்துல கை நீண்டுருச்சு.”

இந்தக் கடைசி வாக்கியத்தை ஒரு நிமிடம் பாருங்கள். தமிழில் நாம் சர்வ சாதாரணமாகச் சொல்வதுதான். “கை நீண்டுருச்சு”, “கை பட்டுருச்சு.” வாக்கியத்தில் அடித்த ஆளே இல்லை. கை இருக்கிறது, கோபம் இருக்கிறது, அவர் மட்டும் இல்லை. இலக்கணமே அவருக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்துவிட்டது. குழுவில் மாதக் கணக்கில் நடக்கும் வேலையின் பெரும்பகுதி, “நான் அடித்தேன்” என்று எழுவாயோடு அவர் பேசக் கற்றுக்கொள்வது. எந்த மொழிக் குழுவானாலும் இதுதான் நிலை.

டுலூத் முறையில் இதற்கென ஒரு தாள் உண்டு. என்ன செய்தாய், அப்போது என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தாய், மனதில் என்ன நம்பிக்கை ஓடியது, எப்படிச் சின்ன விஷயமாக்கினாய், அது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உனக்கும் என்ன செய்தது, வேறு என்ன செய்திருக்கலாம் என்று வரிசையாக எழுத வேண்டும். இதில் இரண்டாவது கேள்விதான் ஆளைப் பிடிக்கும். கோபத்தில் தன்னை மறந்துவிட்டதாகச் சொல்பவர், “என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தாய்” என்ற இடத்தில் பேனாவை நிறுத்திவிடுவார். அவள் வாயை மூட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். மூடியிருக்கிறாள். நினைத்தது நடந்திருக்கிறது. அப்படியென்றால் எங்கே தன்னை மறந்தார்?

இதைக் குழுவை நடத்துகிறவர் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடலாம். சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். அடுத்த வாரம் அந்த நாற்காலி காலியாக இருக்கும். அல்லது அவர் சரியான வார்த்தைகளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கத் தொடங்குவார். எனக்கு இரண்டாவதுதான் அதிக பயம் தருகிறது. மேரிலாந்தைச் சேர்ந்த உளவியலாளர் கிறிஸ்டோபர் மர்ஃபியும் விக்டோரியா பாக்ஸ்டரும் 1997-இல் எழுதிய கட்டுரையில் இன்னொரு ஆபத்தைக் காட்டினார்கள். பலம் உள்ளவன் பலம் இல்லாதவனை மடக்கிப் பணிய வைப்பதுதான் உறவு என்று நம்பி வாழும் ஒருவரை, குழுவிலும் அதே வழியில் மடக்கினால், அவருடைய நம்பிக்கையைத்தான் உறுதிப்படுத்துகிறோம்.

டுலூத் முறையைக் கட்டியவரே இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1999-இல் எல்லன் பென்ஸ் எழுதிய ஒரு கட்டுரையில், தான் பேசிய ஆண்களில் பலர் மனைவி மேல் அதிகாரம் வேண்டும் என்று சொல்லவே இல்லை, அப்படியும் அவர்கள் அதை மறைக்கிறார்கள் என்றே தாங்கள் எடுத்துக்கொண்டதாக ஒப்புக்கொண்டார். எதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று முன்னாலேயே முடிவு செய்தோமோ அதையே கண்டுபிடித்தோம் என்பது அவர் சொன்னதன் சாரம். தான் வளர்த்த இயக்கத்தின் முன்னால் நின்று இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். 2012-இல் அவர் இறந்தார். அவர் மேல் எனக்குள்ள மதிப்பில் பாதி, இந்த ஒரு ஒப்புதலுக்கானது.

அப்படியானால் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பதா? அது இதைவிட மோசம். “உங்க கஷ்டம் புரியுதுங்க, அவங்களும் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்” என்று நடத்துகிறவர் ஒரே ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். அன்று ராத்திரியே அது வீட்டில் மனைவி மேல் ஆயுதமாக இறங்கும். “கவுன்சலரே சொல்லிட்டாரு.”

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி, குடிநோய் சிகிச்சையிலிருந்து வந்தது. 1983-இல் வில்லியம் மில்லர் முன்வைத்து, பிறகு ஸ்டீஃபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்த பேச்சு முறை. ஆளோடு வாதாடுவதில்லை. அவர் விரும்பும் வாழ்க்கைக்கும் அவர் செய்யும் காரியத்துக்கும் இடையில் உள்ள தூரத்தை அவர் வாயாலேயே சொல்ல வைப்பது. ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். ஒருவர் குழுவில் பொதுவாகப் புலம்பிக்கொண்டே வருகிறார், நடுவில் ஒரு வரி விழுகிறது: “இப்பல்லாம் நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சாலே பாப்பா எந்திரிச்சு உள் ரூமுக்குப் போயிடுது சார்.”

நடத்துகிறவர் கேட்பது: “எப்போலேர்ந்துங்க?”

“ஒரு... தீபாவளிக்கு அப்புறம்.”

“தீபாவளிக்கு என்ன ஆச்சு?”

அறை அமைதியாகிறது. “பாத்தியா, உன்னாலதான்” என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவர், ஆறு மாதமாக வருகிறவர், மெதுவாகச் சொல்கிறார்: “என் பையனும் அப்படித்தாண்ணே இருந்தான்.” இந்த ஒரு வாக்கியத்தை எந்தப் படித்த கவுன்சலராலும் சொல்ல முடியாது. தனித்தனியாக உட்கார வைக்காமல் ஆண்களைக் குழுவாக உட்கார வைப்பதன் பலனே இதுதான். குழுவோடு நெருக்கமும் நடத்துகிறவரோடு நல்ல உறவும் ஏற்பட்ட ஆண்கள், பிறகு வீட்டில் வன்முறையைக் குறைத்ததை மனைவிமாரின் வாய்மொழியை வைத்தே மேரிலாந்து ஆய்வாளர்கள் 2003-இல் காட்டினார்கள்.

அப்பா என்ற இடத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைவது பல இடங்களில் பலன் தந்திருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் கட்ரீனா ஸ்காட்டும் மற்றவர்களும் தொடங்கிய ‘கேரிங் டாட்ஸ்’ குழு முழுக்க இதன் மேல் கட்டியதுதான். பிள்ளையின் அம்மாவை அடிக்கிறவர் பிள்ளைக்கு நல்ல அப்பாவாக இருக்க முடியாது என்பது அங்கே பாடத்தின் நடுநாயகம்.

எளிய காரியங்களும் உண்டு. 2001-இல் வெளியான மேரிலாந்து ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. குழுவில் சேரும் ஆணுக்கு, தொடங்கும் முன்பே கைப்பட எழுதிய ஒரு சீட்டு போகும்: நீங்கள் வந்தது நல்லது, எதிர்பார்த்திருக்கிறோம் என்று. ஒரு வாரம் வராவிட்டால் போன் வரும். “ஏன் வரவில்லை” என்ற அதட்டல் இல்லை, “உங்களைக் காணோமே, அடுத்த வாரம் பார்க்கலாமா” என்ற விசாரிப்பு. இப்படிச் செய்த குழுக்களில் வருகை கூடியது, விலகல் குறைந்தது. அமைப்புகள் மேல் ஏற்கெனவே நம்பிக்கை இழந்திருந்த சிறுபான்மை இன ஆண்களிடம் பலன் குறிப்பாகத் தெரிந்தது. ஒரு சீட்டு, ஒரு போன். தபால்தலை விலைக்கு ஒரு பெண்ணின் பாதுகாப்பு கொஞ்சம் கூடுகிறது.

அன்போடு அழைப்பது மட்டும் போதாது என்பதற்கு பிட்ஸ்பர்க் நகரம் சாட்சி. 1990-களில் அங்கே நீதிமன்றம், குழுவுக்கு அனுப்பிய ஆண் ஒரு மாதத்தில் திரும்ப வந்து நீதிபதி முன் நின்று, சேர்ந்ததைக் காட்ட வேண்டும் என்று வைத்தது. அனுப்பியும் எட்டிப்பார்க்காதவர்கள் 36 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தார்கள். சீட்டு எழுதும் கையும் சம்மன் அனுப்பும் கையும் இரண்டுமே வேண்டும்.

உட்கார வைத்துவிட்டால் வேலை முடிந்ததா? நியூயார்க்கின் புரூக்ளினில் நடந்த பரிசோதனை இதில் ஒரு கசப்பான பாடம். ஒரே பாடத்தைச் சிலருக்கு 8 வாரத்தில் அடைத்துக் கொடுத்தார்கள், சிலருக்கு 26 வாரம் நீட்டிக் கொடுத்தார்கள். முடித்தவர்கள் 8 வாரக் குழுவில்தான் மிக அதிகம். ஆனால் புதிய புகார்கள் குறைந்தது 26 வாரக் குழுவில். வருகைப் பதிவேடு நிறைந்திருப்பதை வைத்து வீட்டில் நிம்மதி இருப்பதாக நினைக்க முடியாது. மொத்தமாகப் பார்த்தாலும் பெருமைப்பட ஒன்றும் இல்லை: 22 ஆய்வுகளைச் சேர்த்து ஜூலியா பாப்காக் குழுவினர் 2004-இல் கணக்கிட்டபோது, கைது, தண்டனை போன்றவற்றால் வரும் பலனுக்கு மேல் குழுவால் கூடுதலாகக் கிடைத்தது சுமார் 5 சதவீத முன்னேற்றம்தான். இந்த எண்ணைக் காட்டி “ஆம்பளைங்க மாற மாட்டாங்க” என்று முடிப்பவர்கள் உண்டு. பாதிப் பேர் எழுந்து போகும் சிகிச்சையின் சராசரி வேறு எப்படி இருக்கும் என்பது என் கேள்வி.

பிரிட்டனில் லிஸ் கெல்லி, நிக்கோல் வெஸ்ட்மார்லண்ட் இருவரும் நடத்தி 2015-இல் வெளியிட்ட மிரபால் ஆய்வு, கேள்வியையே வேறு ஆளிடம் கொண்டுபோனது. கணவர் குழுவுக்குப் போன பெண்களிடம் முன்னும் பின்னும் கேட்டார்கள். அறைவது, தள்ளுவது, பொருளைத் தூக்கி எறிவது ஆகியவை நடந்ததாகச் சொன்னவர்கள் முதலில் 87 சதவீதம், ஓராண்டு கழித்து 7 சதவீதம். உள்ளம் குளிர்கிற எண். ஆனால் அதே பெண்கள், எங்கே போகிறாய் யாரோடு பேசினாய் என்ற கட்டுப்பாடு அந்த அளவுக்குக் குறையவில்லை என்றும் சொன்னார்கள்.

அதோடு இன்னொன்றும் வெளிவந்தது. கோபம் ஏறும்போது சற்று விலகி வெளியே போய்விட்டு வா என்று குழுவில் சொல்லித் தருவார்கள். நல்ல உத்திதான். சில ஆண்கள் இதை வீட்டுக்குக் கொண்டுபோய், மனைவி தனக்குப் பிடிக்காத பேச்சை எடுத்த உடனே “டைம் அவுட்” என்று சொல்லி வாயடைக்கப் பயன்படுத்தினார்கள். குழுவில் அது நல்ல மதிப்பெண். வீட்டில் அது சக்கரத்தின் ஒன்பதாவது ஆரம். அறைக்குள் இருப்பவருக்கு இது ஒருநாளும் தெரியாது, மனைவியிடம் கேட்டால்தான் தெரியும். அதனால்தான் அங்கே ஒழுங்காக நடக்கும் குழுக்களில், மனைவியோடு பேசவென்றே தனியாக ஒரு பெண் ஊழியர் இருப்பார். மனைவி அவரிடம் சொல்வது கணவர் காதுக்குப் போகாது. கணவர் வருவதை நிறுத்தினால் அது மனைவிக்குச் சொல்லப்படும்.

நம் பக்கம் வருவோம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019–21 சுற்றில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். நாட்டின் சராசரி 29. குடிதான் காரணம் என்று உடனே சொல்வோம். குடி அடியைக் கூட்டுகிறது, சந்தேகமில்லை. ஆனால் எத்தனை போதையிலும் மேஸ்திரியை அடிக்காமல், போலீஸ்காரரை அடிக்காமல், வீடு வரை பத்திரமாகக் கொண்டுவந்து மனைவி மேல் இறக்கும் கைக்குக் குடியை மட்டும் காரணம் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பிரிவு 14-இல், கணவரையோ மனைவியையோ, தனியாகவோ சேர்த்தோ கவுன்சலிங்குக்கு அனுப்ப நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் தருகிறது. சேர்த்து உட்கார வைப்பதுதான் என்னை உறுத்துகிறது. கவுன்சலர் முன்னால் உண்மையைச் சொல்லிவிட்டு, அதே மனிதரோடு அதே ஆட்டோவில் வீட்டுக்குப் போக வேண்டிய பெண் எதைச் சொல்வார்? 2006-ஆம் ஆண்டு விதிகளில் 14-ஆவது விதி இன்னும் கூர்மையானது. வன்முறைக்கு நியாயம் கற்பிக்க எதிர்மனுதாரரை அனுமதிக்கக் கூடாது, அதைக் கவுன்சலிங் தொடங்கும் முன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்கிறது. எழுதியவர்கள் பெண்ணின் பக்கம் நின்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் நியாயம் பேசாதே என்று வாயை அடைத்தால் அந்த நியாயம் மனதுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். “அவ வாய் சும்மா இருக்காது” என்பதை மனைவி இல்லாத அறையில், மற்ற ஆண்களின் நடுவே, ஒருமுறை அவர் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால்தான் அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்க முடியும்.

சட்டத்தின் அந்த 14-ஆம் பிரிவில் நாம் கவனிக்காத ஒரு வசதி இருக்கிறது. கவுன்சலிங்குக்கு அனுப்பினால், அடுத்த வாய்தா இரண்டு மாதத்துக்குள் இருக்க வேண்டும். பிட்ஸ்பர்க் தனியாகக் கண்டுபிடித்ததை நம் சட்டம் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. அந்த வாய்தா அன்று “சமாதானம் ஆச்சா?” என்று கேட்பதற்குப் பதிலாக “எத்தனை அமர்வுக்குப் போனீர்கள்?” என்று நடுவர் கேட்கலாம். மாவட்டத்துக்கு ஒரு பாதுகாப்பு அலுவலரும் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை அமர்வுக்குக் கணவர் வரவில்லை என்றால், அன்று சாயங்காலம் அவர் வீடு போய்ச் சேர்வதற்கு முன்னால் அந்தப் பெண்ணுக்கு ஒரு போன் போட வேண்டும். அதற்கு முதலில், அந்தப் பெண் தனியாக இருக்கும் நேரம் எது, எந்த நம்பருக்குப் போட்டால் கணவர் எடுக்க மாட்டார் என்பதை யாராவது அவரிடம் கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும்.